ஆபீஸ் போகும் மகான்கள்

மகான் ஆவதற்கு முதல் தகுதி, ஆபீசுக்கு லீவு போடுவதுதான் என்று நம் ஊரில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். புத்தர் அரண்மனைக்கு லீவு போட்டார். பட்டினத்தார் கப்பல் வியாபாரத்துக்கு லீவு போட்டார். பி.எஃப். பிடித்தம் நடந்துகொண்டிருக்கும்போதே, காலை பத்து மணிக்கு அட்டெண்டன்ஸில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே ஞானம் அடைந்தவர் என்று யாரையும் நமக்கு அறிமுகப்படுத்தியதில்லை.

குற்றாலம் போனால் இந்த எண்ணம் இன்னும் பலமாகிவிடும். சீஸன் சமயத்தில் தென்காசியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சாரல் முகத்தில் அடிக்கும். மலை முழுக்க மேகம். மேலே செண்பகாதேவி அருவிப் பக்கத்துக் குகைகளில் சித்தர்கள் தவம் செய்தார்கள் என்று டீக்கடைக்காரரே சொல்வார். மெயினருவியில் தலையைக் கொடுத்து நிற்கிற ஒவ்வொரு குமாஸ்தாவும் அந்த இரண்டு நிமிடம் மனசுக்குள் ராஜினாமாக் கடிதம் எழுதுகிறான். பின்னால் நிற்பவர் முதுகில் தட்டி 'நகரும்வே' என்றதும் வெளியே வந்து, துண்டால் துவட்டும்போது அதைக் கிழித்துப் போட்டுவிடுகிறான்.

ராஜினாமாவே வேண்டாம், போய் சீட்டில் உட்காரும், அதுதான் உம்முடைய குகை என்று ஒரு பாதிரியார் சொன்னார். சொன்ன இடம் ஸ்பெயின்.

*

அவர் பெயர் ஹோசேமரியா எஸ்க்ரிவா. 1902-ல் பார்பாஸ்ட்ரோ என்ற சின்ன ஊரில் பிறந்தவர். அப்பாவுக்கு ஜவுளி வியாபாரம். நொடித்துப் போனது. சட்டப்படி கொடுக்க வேண்டியதற்கு மேலேயே சொந்தக் காசைப் போட்டுக் கடனை அடைத்துவிட்டு, குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய் இன்னொருத்தர் துணிக்கடையில் சம்பளத்துக்கு நின்றார். முதலாளியாக இருந்தவர் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்று துணி கிழித்துக் கொடுப்பதைப் பார்த்து வளர்ந்த பையன், வேலையைப் பற்றி யோசிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

1928 அக்டோபர் 2. பையனுக்கு 26 வயது, பாதிரியார் ஆகியாயிற்று. மாட்ரிட் நகரத்தில் தியானத்தில் இருந்தபோது அவருக்கு ஒன்று புலப்பட்டது. அதுதான் 'ஓபஸ் டெய்' என்ற அமைப்பின் ஆரம்பம். லத்தீன் வார்த்தை. 'கடவுளின் வேலை' என்று அர்த்தம்.

விஷயம் இதுதான். அந்தக் காலத்துக் கத்தோலிக்கர்கள் மனசில், புனிதம் என்பது மடத்துச் சமாச்சாரம். சாமியாரும் கன்னியாஸ்திரீயும் ஃபர்ஸ்ட் கிளாஸ் டிக்கெட். கல்யாணம் செய்துகொண்டு, வாடகை கொடுத்துக்கொண்டு, பையனுக்கு ஃபீஸ் கட்டிக்கொண்டிருக்கிறவன் அன்ரிசர்வ்டு. எஸ்க்ரிவா சொன்னது: அப்படி இல்லை. டாக்டர் ஊசி போடும்போதே, வக்கீல் வாதாடும்போதே, வீட்டில் சமைக்கிறவர் உப்புப் போடும்போதே புனிதராகலாம். ஆனால் ஒரு நிபந்தனை. அந்த வேலையை ஒழுங்காகச் செய்ய வேண்டும். அரைகுறையாகச் செய்த வேலையை ஆண்டவனுக்குப் படைக்க முடியாது. அழுகின பழத்தை அர்ச்சனைத் தட்டில் வைக்கிற மாதிரி அது.

அமைப்பில் இருப்பவர்கள் உலகம் முழுக்கச் சுமார் 90 ஆயிரம் பேர். அதில் பாதிரியார்கள் ரொம்பக் கொஞ்சம். பெரும்பாலானோர் கல்யாணம் ஆன குடும்பஸ்தர்கள். காவி, அங்கி எதுவும் கிடையாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தால்கூடத் தெரியாது. தினமும் பூசை, ஜெபமாலை, கொஞ்ச நேரத் தியானம், மீதி நேரம் அவரவர் உத்தியோகம். கல்யாணம் செய்துகொள்ளாமல் அமைப்பின் இல்லங்களில் தங்கி, சம்பாதிப்பதில் செலவு போக மிச்சத்தைக் கொடுத்துவிடுகிறவர்களும் உண்டு. இந்தியாவில் 1993-ல் டெல்லியில் ஆரம்பித்தார்கள். எஸ்க்ரிவா 1975-ல் ரோமில் இறந்தார். 2002-ல் போப் இரண்டாம் ஜான் பால் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். 27 வருஷத்தில் புனிதர் பட்டம் என்பது, சர்ச் கணக்கில், தட்கல் டிக்கெட்.

*

பேச்சிலர் ரூம்களில் இருக்கும் நண்பர்களுக்காக ஒரு தகவல். இந்த எஸ்க்ரிவா 'வீர நிமிடம்' என்று ஒன்று சொல்லியிருக்கிறார். போர்க்களத்தில் இல்லை, கட்டிலில். அலாரம் அடித்ததும் இன்னும் அஞ்சு நிமிஷம் என்று புரளாமல் அந்தக் கணமே துள்ளி எழுந்துவிட வேண்டுமாம். அன்றைய நாளின் முதல் யுத்தத்தில் ஜெயித்தாயிற்று என்று கணக்கு.

தென்காசியில் அரசாங்க ஆபீஸ் ஒன்றில் வேலை பார்க்கும் நண்பரிடம் இதைச் சொன்னேன்.

"அண்ணாச்சி, அந்தச் சாமி ஆடி மாசம் இங்கன வந்து படுத்துப் பார்த்திருக்காரா? வெளியே சாரல் சளசளன்னு அடிக்கும். போர்வைக்குள்ள கதகதன்னு இருக்கும். அப்ப எந்திரிக்கிறவனுக்குப் புனிதர் பட்டம் இல்ல, பரம்வீர் சக்ராவே கொடுக்கணும், பாத்துக்கிடுங்க" என்றார்.

*

இதையெல்லாம் ஸ்பெயின்காரர் வந்துதான் சொல்ல வேண்டுமா என்று கேட்பீர்கள். நியாயம். நம்மிடம் கொங்கணவர் கதை இருக்கிறது.

தவம் செய்துகொண்டிருந்த கொங்கணவர் மேல் ஒரு கொக்கு எச்சமிட்டது. முறைத்தார். கொக்கு சாம்பல். அந்த மிதப்போடு வள்ளுவர் வீட்டு வாசலில் பிச்சைக்கு வந்து நின்றார். வாசுகி அம்மையார் கணவருக்குப் பரிமாறிவிட்டுத்தான் வந்தார். லேட். முனிவர் முறைத்தார். அந்த அம்மாள் கேட்ட கேள்விதான் இன்றைக்கும் பழமொழி: 'கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா?' காட்டில் வருஷக்கணக்காகச் சேர்த்த சக்தி, அடுப்படியில் செல்லுபடியாகவில்லை. மகாபாரதத்தில் இதே கதை இன்னும் ஒரு படி மேலே போகும். அங்கே அந்தக் குடும்பத்துப் பெண், முனிவரை மேல்படிப்புக்கு மிதிலையில் ஒரு கசாப்புக்கடைக்காரரிடம் அனுப்புகிறாள்.

அறுபத்துமூன்று நாயன்மார்களின் ஜாப் புரொஃபைலைப் பார்த்தாலும் பிரமிப்பாக இருக்கும். திருநீலகண்டர் மண்பானை செய்கிறவர். திருக்குறிப்புத் தொண்டர் துணி வெளுப்பவர். அதிபத்தர் மீன் பிடிப்பவர். நேசர் நெசவாளி. யாரும் தொழிலுக்கு லீவு போடவில்லை. கர்நாடகத்தில் 12-ஆம் நூற்றாண்டில் பசவண்ணர், உழைப்புக்குக் 'காயகம்' என்று பெயர் வைத்து அதையே கைலாசத்துக்குச் சமமாக்கினார்.

நம் பக்கத்துக் கத்தோலிக்கர்களிலேயே ஒருத்தர் உண்டு. தேவசகாயம் பிள்ளை. 1712-ல் நட்டாலத்தில் நீலகண்ட பிள்ளையாகப் பிறந்தவர். திருவிதாங்கூர் மார்த்தாண்ட வர்மாவின் பத்மநாபபுரத்தில் அரசாங்க உத்தியோகஸ்தர். கல்யாணம் ஆனவர். குளச்சல் சண்டையில் பிடிபட்டு, பிறகு மகாராஜாவிடமே வேலைக்குச் சேர்ந்த டச்சுக்காரர் டி லனாய்தான் இவருக்குக் கிறிஸ்தவத்தை அறிமுகப்படுத்தினார். பக்கத்து ஆபீசர் சிநேகம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். 1745-ல் நம் நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். 1749-ல் கைது. 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-ல் ரோமில் புனிதர் பட்டம். பாதிரியாராகவோ துறவியாகவோ இல்லாத இந்தியர் ஒருவர் அந்தப் பட்டம் வாங்கியது அதுதான் முதல் தடவை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தேவசகாயம் புனிதரானது ஃபைல் பார்த்ததற்காக இல்லை, உயிரைக் கொடுத்ததற்காக. நாயன்மார்களும் அப்படித்தான். அதிபத்தர் மீன் பிடித்ததற்காக நாயனார் ஆகவில்லை, பொன் மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டதற்காக ஆனார். தொழில் அவர்களுக்குப் பின்னணி. எஸ்க்ரிவா அந்தப் பின்னணியையே மேடைக்கு முன்னால் தள்ளினார். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அது பெரிய வித்தியாசம்.

அப்படி யாராவது தேறினார்களா? ஒரு பெண் தேறியிருக்கிறார். குவாதலூப்பே ஓர்டிஸ் என்ற ஸ்பெயின் நாட்டுக் கெமிஸ்ட்ரி டீச்சர். ஓபஸ் டெய் அமைப்பின் பாதிரியார் அல்லாத உறுப்பினர்களில் முதன்முதலாக 2019-ல் 'முத்திப்பேறு பெற்றவர்' பட்டம் வாங்கியவர். புனிதருக்கு ஒரு படி கீழே. அவர் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்த விஷயம் என்ன தெரியுமா? நெல் உமிச் சாம்பல். அதை வைத்து உலைச் சூட்டைத் தாங்குகிற பொருள் செய்ய முடியுமா என்று பார்த்தார். தென்காசி வட்டாரத்து ரைஸ்மில்களில் மலை மாதிரிக் குவிந்து கிடக்கிற அதே உமி. நாம் பாத்திரம் தேய்த்தோம். அந்த அம்மாள் சொர்க்கத்துக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார்.

*

இனி, கொஞ்சம் கசப்பு.

ஓபஸ் டெய் பற்றி எல்லோரும் நல்லதாகவே சொல்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். ஸ்பெயினில் ஃபிராங்கோ என்ற சர்வாதிகாரியின் மந்திரிசபையில் 1957 முதல் இவர்களுடைய ஆட்கள் சிலர் மந்திரிகளாக இருந்தார்கள். அந்தக் கறை இன்னும் போகவில்லை. 'டாவின்சி கோட்' நாவலில் கொலைகாரத் துறவி ஒருவரை ஓபஸ் டெய் ஆளாகக் காட்டினார்கள். அது வெறும் கதை. இந்த அமைப்பில் மடத்துத் துறவிகளே கிடையாது. உறுப்பினர்களில் சிலர் உடம்பை வருத்திக்கொள்ளத் தொடையில் முள்சங்கிலி கட்டிக்கொள்வது நிஜம். அலகு குத்துவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது அவ்வளவு அதிர்ச்சியாக இருக்காது.

நிஜமான கசப்பு வேறு. இவர்களுடைய இல்லங்களில் சமையல், துணி துவைப்பது, வீடு பெருக்குவது எல்லாவற்றுக்கும் பெண் உறுப்பினர்களில் ஒரு தனிப் பிரிவே உண்டு. 2021-ல், அர்ஜென்டினாவில் பணிபுரிந்த 43 பெண்கள் வாடிகனுக்குப் புகார் அனுப்பினார்கள். படிக்க வைக்கிறோம் என்று சின்ன வயதில் அழைத்து வந்து, வருஷக்கணக்காகச் சம்பளம் இல்லாமல் வீட்டு வேலை வாங்கினார்கள் என்று புகார். 2024-ல் அந்த நாட்டு அரசு வழக்கறிஞர்களும் விசாரித்து, ஆள் கடத்தல், உழைப்புச் சுரண்டல் என்றே குற்றம் சாட்டினார்கள். அமைப்பு இதை மறுக்கிறது. கோர்ட் விஷயம், தீர்ப்பு சொல்ல நாம் யார்.

ஆனால் கேள்வி கோர்ட்டைத் தாண்டியும் நிற்கிறது. வேலையே பிரார்த்தனை என்று ஆகிவிட்டால், பிரார்த்தனைக்கு யாராவது கூலி கேட்பார்களா? ஓவர்டைம் கேட்டு யாராவது ஜெபம் செய்வார்களா? வாசுகி அம்மையார் கதையைத் திரும்பப் படித்துப் பாருங்கள். அவருக்குச் சம்பளம் கிடையாது, வார விடுமுறை கிடையாது. முனிவரை ஜெயித்தார், சரி. ஆனால் அவர் பரிமாறி முடித்து எப்போது சாப்பிட்டார் என்று எந்தக் கதைசொல்லியும் நமக்குச் சொல்லவில்லை.

*

தென்காசி சுற்றுவட்டாரக் கிராமங்களில் மத்தியானம் நடந்து போனால், திண்ணை திண்ணையாகப் பெண்கள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுவதைப் பார்க்கலாம். இலையை அளவாக வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, மடித்து, நூல் கட்டி, அடுத்தது. பேச்சு நிற்காது. கண் முறத்தைப் பார்க்காது. விரல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கொண்டுபோய்க் கொடுக்கும்போது 'இது சரியில்லை' என்று கழித்துவிட்டால், கழித்ததற்குக் கூலி கிடையாது.

கவனம், நேர்த்தி, பொறுமை. எஸ்க்ரிவா கேட்ட எல்லாத் தகுதியும் அந்தத் திண்ணையில் இருக்கிறது. அப்படியானால் அந்த அக்கா புனிதரா? பீடி குடிப்பவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமுகிறானே, அந்த வேலை எப்படிப் புனிதம்? அவளிடம் கேட்டால், 'இத விட்டா வேற என்ன வேலை இருக்கு, நீங்க வாங்கித் தாரீயளா?' என்பாள். அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு அவளுடையது இல்லை.

எனக்குத் தோன்றுவது இதுதான். 'என் வேலை எனக்குத் தெய்வம்' என்று தொழிலாளி சொன்னால் அது ஞானம். அதையே முதலாளி சொன்னால் உடனே சம்பள ஸ்லிப்பை எடுத்துச் சரி பார்க்க வேண்டும். 'நம்ம கம்பெனி ஒரு ஃபேமிலி' என்று மேனேஜர் மீட்டிங்கில் நெகிழ்கிறாரே, அந்த வருஷம் இன்கிரிமென்ட் இருக்காது என்று அனுபவஸ்தர்களுக்குத் தெரியும். கத்தோலிக்க சர்ச்சும் இதை அறியாதது இல்லை. தொழிலாளிக்கு நியாயமான கூலி கொடுத்தே ஆக வேண்டும் என்று 1891-லேயே போப் பதின்மூன்றாம் லியோ ஒரு நீண்ட சுற்றறிக்கை எழுதினார். பைபிளில் யாக்கோபு, பிடித்து வைத்த கூலியே ஆண்டவன் காதில் போய்க் கத்தும் என்கிறார். தொழிலாளியின் ஜெபத்துக்கு முன்னால் அவனுடைய கூலி போய்ச் சேர்ந்துவிடும் போலிருக்கிறது.

*

எஸ்க்ரிவா வாழ்க்கையில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயத்தைச் சொல்கிறேன். 1938 வாக்கில் பூர்கோஸ் என்ற ஊரில் இருந்தார். அங்கே பழைய பெரிய தேவாலயம் ஒன்று உண்டு. பார்க்க வரும் இளைஞர்களைக் கோபுரத்தின் மேலே ஏற்றிவிடுவார். உச்சியில் கல்லை நூலாக இழைத்து லேஸ் பின்னின மாதிரி வேலைப்பாடு. 'கீழேயிருந்து பார்த்தால் இது தெரியுமா?' என்று கேட்பார். தெரியாது. யார் கண்ணிலும் படாது என்று தெரிந்தும் ஒருத்தன் அதை இழைத்திருக்கிறான். யாருக்காக? அதுதான் கடவுளின் வேலை என்பார்.

இதற்கு பூர்கோஸ் போக வேண்டியதில்லை. தென்காசிக் கோபுர வாசலில் நின்றாலே போதும். உள்ளே நுழையும்போது காற்று ஆளைத் தள்ளும். வேட்டியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பாருங்கள். 1446-ல் பராக்கிரம பாண்டியன் தொடங்கின காசி விஸ்வநாதர் கோயில். ராஜாவுக்குத் தெரியும், கல் என்றாலும் ஒரு நாள் சிதையும். அதனால் கல்வெட்டில் ஒரு செய்தி வெட்டி வைத்தான். இந்தக் கோயிலுக்குப் பின்னாளில் ஏதாவது கேடு வந்தால், அதைச் சரி செய்து காப்பாற்றுகிறவர் யாராக இருந்தாலும், உலகம் அறிய அவரை நான் பணிகிறேன் என்று. ஒரு மகாராஜா, இன்னும் பிறக்காத, பெயர் தெரியாத ரிப்பேர்காரர்களைக் கும்பிட்டு வைத்திருக்கிறான்.

அவன் பயந்த மாதிரியே கோபுரம் சிதைந்தது. பல காலம் மொட்டையாக நின்றது. ஒன்பது நிலையும் சுமார் 180 அடி உயரமுமாக மறுபடி எழும்பி 1990-ல் கும்பாபிஷேகம் நடந்தது. அந்த உயரத்தில் சாரம் கட்டினவர், சுண்ணாம்பு குழைத்தவர், சட்டி சுமந்த சித்தாள், சுதைப் பொம்மைக்குக் கண் திறந்த ஸ்தபதி, இவர்களில் எத்தனை பேருக்கு ராஜா நமக்கு ஐந்நூறு வருஷம் முன்னாலேயே வணக்கம் சொல்லிவிட்டார் என்று தெரிந்திருக்கும்? சாயங்காலம் கூலி வாங்கிக்கொண்டு, கை கால் கழுவி, ஊருக்கு பஸ் பிடித்திருப்பார்கள்.

கீழேயிருந்து பார்க்கிறவனுக்குத் தெரியாத வேலை நம் எல்லோரிடமும் ஒன்று இருக்கிறது. யாரும் பிரித்துப் பார்க்காத லெட்ஜரில் கூட்டலைச் சரி பார்ப்பது. மத்தளம்பாறை சாஃப்ட்வேர் பையன், எந்த கஸ்டமரும் பார்க்கப்போகாத ஒரு வரி புரோகிராமை மூன்றாவது தடவை திருத்துவது. விதவை பென்ஷன் மனுவில் ஒரு தேதி விட்டுப் போயிருந்தால் 'நாளைக்கு வா' என்று சொல்லாமல் நாமே கேட்டு எழுதிவிடுவது. அந்தக் கிழவி மறுபடி இருபது கிலோமீட்டர் பஸ்ஸில் வந்து போக வேண்டியதில்லை. இதற்கு மெமோவும் கிடையாது, மெடலும் கிடையாது.

நம் தென்காசி நண்பரிடம் இதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு டேபிளில் இருந்த ஃபைல் ஒன்றை எடுத்து, நாடாவை அவிழ்த்து, நிஜமாகவே படித்தார். கையெழுத்துப் போட்டார். அடுத்ததை எடுத்தார். நாலு ஃபைல். நான் நெகிழ்ந்து போய், "என்ன தோணுது?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. புனிதர் பட்டம் ரோமிலேருந்து மெதுவா வரட்டும், அவசரமில்ல. மெட்ராஸிலேருந்து அந்த டி.ஏ. அரியர்ஸ் எப்ப வரும்னு மட்டும் விசாரிச்சுச் சொல்லுங்க" என்றார்.